பக்கிளின் பின்பக்கம்

பழைய கிரிக்கெட் பெல்ட் பக்கிள் ஒன்றை விற்பவர் முதலில் முன்பக்கத்தைத்தான் காட்டுவார். மட்டையுடன் நிற்கும் ஆட்டக்காரர், பின்னால் ஸ்டம்புகள், ஓரத்தில் இலையும் கொடியுமாக ஓர் அலங்காரம். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பித்தளைத் துண்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது, யார் பெயரில் வந்தது, அசலா போலியா என்று கேட்டால், பதில் பெரும்பாலும் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு முத்திரையில் இருக்கிறது. அதைப் படிக்க அட்டவணை போதும். நம்பலாமா என்று முடிவுசெய்யத்தான் அறிவியல் வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டுக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைய ரசிகர் கேட்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வெள்ளைக் கால்சட்டைக்கு மேல் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டுதான் களமிறங்கினார்கள். வில்லியம் கிளார்க் 1846-இல் திரட்டிய ஆல் இங்கிலாந்து லெவன் அணி ஊர் ஊராகப் போய் ஆடிய காலம் அது. ஆட்டம் பரவியதும் அதைச் சுற்றிய வியாபாரமும் பரவியது. பொத்தான், பக்கிள், பேனா நிப் போன்ற சிறு உலோகச் சாமான்களுக்குப் பேர்போன பர்மிங்காம் நகரப் பட்டறைகளுக்கு இது நல்ல சந்தை.

ஒரு பட்டறையின் புது டிசைனைப் பக்கத்துப் பட்டறை நகலெடுப்பது அன்றும் இருந்த தொல்லை. அதைத் தடுக்க 1842-இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிசைனைப் பதிவு செய்தால் பொருளின் மேல் சாய்சதுர வடிவ முத்திரை ஒன்றைப் பொறிக்கலாம். முத்திரையின் நடுவில் பதிவைக் குறிக்கும் சுருக்கெழுத்து, உச்சியில் சிறு வட்டம். வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று இருந்தால் உலோகப் பொருள். இரண்டு என்றால் மரம், மூன்று கண்ணாடி, நான்கு மண்பாண்டம். நான்கு மூலைகளிலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். பதிவான தேதி முழுவதும் அதில் அடக்கம்.

ஒரு பேச்சுக்கு, மேல் மூலையில் ‘ஆர்’, இடப்பக்கம் ‘இ’, வலப்பக்கம் 14 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர் என்பது 1861, இ என்பது மே மாதம், 14 தேதி. ஆக 1861 மே 14. கீழ் மூலையில் இருக்கும் எண் அன்று பதிவுக்கு வந்த பொருள்களில் இது எத்தனையாவது என்று சொல்லும். ஆண்டெழுத்துகள் அகர வரிசையில் போகாது. 1842-க்கு எக்ஸ், 1843-க்கு ஹெச், 1844-க்கு சி என்று தாறுமாறாக ஓடும். 1867 வந்தபோது 26 எழுத்துகளும் தீர்ந்தன. மறு ஆண்டு அதே எக்ஸிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். குழப்பம் வராமலிருக்க மூலைகளை மாற்றினார்கள்: 1868 முதல் 1883 வரை ஆண்டெழுத்து வலப்பக்கத்துக்குப் போனது, மேலே தேதி வந்தது. எனவே மேல் மூலையில் எழுத்து இருந்தால் முதல் சுற்று, எண் இருந்தால் இரண்டாம் சுற்று. இதைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் பார்ப்பவர் 26 ஆண்டுகள் தவறிவிடுவார். பதிவு செய்தது அரசு அலுவலகம் என்பதால் அங்கும் சறுக்கல் உண்டு: 1860 டிசம்பரில் மாத எழுத்தாக ‘ஏ’ வர வேண்டிய இடத்தில், நவம்பருக்குரிய ‘கே’ வந்த பொருள்களும் இருக்கின்றன.

1884-இல் சாய்சதுரத்தைக் கைவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கும் தொடர் எண்ணுக்கு மாறினார்கள். ‘ஆர்டி’ என்ற சுருக்கத்துக்குப் பின் வரும் எண் அது. 1900 தொடங்கும்போது அந்த எண் மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. பழைய பதிவேடுகளும், பதிவுக்குக் கொடுத்த வரைபடங்களும் இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண் தெளிவாகத் தெரிந்தால் பதிவுசெய்தவர் பெயரையும் முகவரியையும்கூடத் தேடி எடுக்கலாம்.

பலர் வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். முத்திரை சொல்வது டிசைன் பதிவான நாள். பக்கிள் செய்த நாள் அல்ல. உலோகப் பொருள்களுக்கு அந்தச் சட்டம் தொடக்கத்தில் அளித்த பாதுகாப்பு மூன்றே ஆண்டு. ஆனால் எஃகில் வெட்டிய அச்சு மூன்றாண்டில் தேய்ந்துவிடாது. பாதுகாப்புக் காலம் முடிந்த பிறகும் அதே அச்சில் அடித்துக்கொண்டே போகலாம், முத்திரையும் கூடவே விழும். ஆகவே 1861 என்றால் ‘1861-க்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே பொருள். பதிவில் உள்ள பெயரும் பட்டறைக்காரருடையதாக இருக்க வேண்டியதில்லை. சரக்கை விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கலாம்.

வெள்ளி பக்கிள் என்றால் கதை வேறு. அங்கே பேசுவது ஹால்மார்க். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைச் சொல்லும், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும் வாளும் இருந்தால் செஸ்டரில். விக்டோரியா அரசியின் தலை பொறித்திருந்தால் வரி கட்டிய பொருள். அந்த வரி 1890-இல் நீங்கியது, தலையும் போயிற்று. இவற்றோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து. சேகரிப்பவர்கள் வசதிக்காக யாரும் இதை ஏற்படுத்தவில்லை. லண்டனில் 1478-இல் இது வந்தபோது, தரம் குறைந்த வெள்ளி பின்னாளில் பிடிபட்டால் அந்த ஆண்டு சோதனைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். நம் ஊர் பி.ஐ.எஸ். தங்க நகைகளிலும் 2016 வரை இப்படி ஓர் ஆண்டெழுத்து இருந்தது. நகைப்பெட்டியில் இருக்கும் பழைய வளையலை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும்.

பர்மிங்காமுக்குச் சொந்தச் சோதனைக்கூடம் 1773-இல்தான் கிடைத்தது. அதுவரை மாத்யூ போல்டன் போன்ற உற்பத்தியாளர்கள் வெள்ளிச் சாமான்களை வண்டியில் ஏற்றிச் செஸ்டர்வரை அனுப்பி, வழியில் நசுங்கித் திரும்புவதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தார்கள். பர்மிங்காமில் எழுத்து மாறியது ஜனவரியில் அல்ல, ஜூலையில். அதனால் ஓர் எழுத்து இரண்டு காலண்டர் ஆண்டுகளில் கால் வைக்கும். தவிர, 1849, 1875, 1900 மூன்றுமே ‘ஏ’தான், எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் வைத்தே பிரிக்க முடியும்.

முத்திரை பொய் சொல்லாது என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க பெல்ட் பக்கிள் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து, நியூயார்க்கின் டிஃபனி நகை நிறுவனத்தின் பெயர் பொறித்த கனமான பித்தளை பக்கிள்கள் பழம்பொருள் என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. வெல்ஸ் ஃபார்கோ வண்டி, ரயில், பழைய மேற்கத்தியக் காட்சிகள் எல்லாம் அவற்றில் இருந்தன. சந்தேகப்பட்டவர்களிடம் காட்ட ஒரு புத்தகமும் கிடைத்தது. 1950-இல் வெளியானதாக அச்சிட்ட அந்த நூலில் இந்த பக்கிள்களின் வரலாறு படங்களோடு இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பக்கிள்களும் போலி, அவற்றுக்குச் சாட்சி சொல்லத் தயாரித்த அந்தப் புத்தகமும் போலி. ஜே. டங்கன் கேம்பல் 1973-இல் வெளியிட்ட நூல் இந்த மோசடியை அம்பலப்படுத்தியது. சில பக்கிள்களில் முத்திரையே காட்டிக்கொடுத்தது. ‘டிஃபனி ஸ்டூடியோ’ என்ற பெயர் அதில் இருந்தது. டிஃபனி ஸ்டூடியோஸ் என்பதோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விளக்குகளுக்குப் பேர்போன லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் நிறுவனத்துக்கு வந்த பெயர். 1860-களைச் சேர்ந்ததாகச் சொல்லும் பக்கிளில் அது எப்படி வரும்? இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலிகளையே இப்போது சிலர் ஆசையாகச் சேகரிக்கிறார்கள்.

ஆக முத்திரையை ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முதல் கேள்வியை உருப்பெருக்கியே கேட்டுவிடும். எஃகு அச்சால் அடித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அசல் ஒன்றை மணலில் பதித்து, அந்தப் பதிவில் பித்தளையை உருக்கி ஊற்றிய நகலில் விளிம்புகள் மழுங்கும், எழுத்தின் பள்ளத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் தெரியும். அளவும் காட்டிக்கொடுக்கும். உருகிய பித்தளை ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 80 மில்லிமீட்டர் அகலமுள்ள அசலிலிருந்து எடுத்த நகல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். அசலின் அளவு தெரிந்தால் ஒரு வெர்னியர் காலிப்பர் போதும்.

உலோகத்தையே விசாரிக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி இருக்கிறது. கையடக்கத் துப்பாக்கி போன்றது. அடகுக்கடை, நகைக்கடைகளில் தங்கம் பார்க்கப் பயன்படும் இயந்திரமும் இந்த வகைதான். எக்ஸ்ரே படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை எண்ணினால் தாமிரம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பழைய தாமிரத்தில் ஈயம், ஆர்சனிக், ஆன்டிமனி போன்ற மாசுகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மின்பகுப்பால் தாமிரத்தைச் சுத்திகரிக்கும் முறைக்கு ஜேம்ஸ் எல்கிங்டன் 1865-இல் காப்புரிமை பெற்ற பிறகே மிகத் தூய தாமிரம் சந்தைக்கு வரத் தொடங்கியது. 1850 என்று சொல்லும் பக்கிளில் அப்பழுக்கற்ற தாமிரம் இருந்தால் புருவத்தை உயர்த்தலாம். குரோமியப் பூச்சு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பூச்சு வணிகத்துக்கு வந்ததே 1920-களில். ஆனால் இந்தக் கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையை அது வெள்ளி என்றே சொல்லக்கூடும். அதனால் தேய்ந்த ஓரத்திலும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு முன்பக்கத்துச் சித்திரத்தையும் விட்டுவிடக் கூடாது. பந்துவீச்சாளரின் கை எந்த உயரத்தில் இருக்கிறது? தோள் உயரத்தில் கையை வீசிப் பந்து போட, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 1835-இல் அனுமதித்தது, தலைக்கு மேலே கையை உயர்த்த 1864-இல். ஆட்டக்காரர் உயரமான தொப்பி அணிந்திருந்தால் பழைய பாணி. பின்னர் சிறு தொப்பி வந்தது. கை தலைக்கு மேல் போகும் சித்திரமும் 1845 என்று சொல்லும் முத்திரையும் ஒரே பக்கிளில் இருந்தால், ஒன்று சித்திரக்காரர் விதியை மதிக்கவில்லை, அல்லது யாரோ நம்மை மதிக்கவில்லை. பெல்ட்டைப் பூட்டும் பாம்பு வடிவக் கொக்கியை வைத்து மட்டும் காலம் சொல்பவரை நம்ப வேண்டாம். அது பள்ளிச் சிறுவர் பெல்ட்டில் 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

உங்கள் கைக்கு இப்படி ஒரு பக்கிள் வந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும், இல்லையென்றால் பாலீஷ் டப்பாவை. இரண்டும் வேண்டாம். அமிலம் மேல்படலத்தைக் கரைக்கும், தேய்ப்பு எழுத்தின் விளிம்பைத் தின்னும். ஒருமுறை அழிந்த ஆண்டெழுத்தை எந்தக் கருவியாலும் மீட்பது கடினம். உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடையுங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, முத்திரையை முதலில் படம் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.