தாயாகும் முன்னே தோல் சொல்லும் சேதி



அண்மையில் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரித் திண்ணையில் நாம் சில பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒருவர் கல்யாணமாகி ஆறு மாதமான தங்கச்சி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"மிஸ், அடுத்த வருசம் புள்ள பெத்துக்கலாம்னு இருக்கோம். மொகம் வெளிறிப் போச்சு, வாய் ஓரமெல்லாம் வெடிக்குது. டவுன்ல இந்தக் கிரீமை வாங்கினேன். பூசலாமா?"

அவர் நீட்டிய சின்ன டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எந்த நாட்டில் செய்தது, எந்தக் கம்பெனி செய்தது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற ஒரு விபரமும் அதில் இல்லை. விலை மட்டும் அவருடைய இரண்டு நாள் சம்பளம்.

அந்தத் தங்கச்சிக்கு அன்று சொன்னதையே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

தோல் என்ன சொல்கிறது?

நம்முடைய தோல் ஒரு நோட்டீஸ் பலகை மாதிரி. உள்ளே சத்துக் குறைந்தால் அது வெளியே எழுதிக் காட்டும்.

கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறி இருந்தால், உள்ளங்கையும் நகக் கண்களும் வெளுத்திருந்தால், அது இரத்தச் சோகையாக இருக்கலாம். மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, நகம் கரண்டி மாதிரிக் குழிவது, முடி கொட்டுவது எல்லாம் அதனோடு சேர்ந்து வரும்.

வாய் ஓரத்தில் வெடிப்பு, நாக்கில் எரிச்சல் இருந்தால் பெரும்பாலும் பி வகை விற்றமின்களும் இரும்புச்சத்தும் குறைவு. கையிலும் தொடையிலும் தோல் சொரசொரப்பாகத் தடித்து முள் முள்ளாக இருந்தால் விற்றமின் ஏயும் நல்ல கொழுப்பும் போதாமல் இருக்கலாம்.

எல்லாமே சத்துக் குறைவு என்றும் நினைக்கக் கூடாது. முதுகிலும் கழுத்திலும் வரும் தேமல் ஒரு வகைப் பூஞ்சணத்தால் வருவது. அதற்குப் பூச்சு மருந்து உண்டு. இரவில் கூடுதலாக அரிக்கும் சொறி ஒரு சின்னப் பூச்சியால் வருவது. லயக் காம்பராவில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டால்தான் அது விட்டுப் போகும். ஆகவே, தோலில் எதைக் கண்டாலும் முதலில் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

ஏன் பிள்ளை உண்டாவதற்கு முன்னே?

"புள்ள உண்டானதும் கிளினிக்குக்குப் போறோம்தானே, அப்ப மருந்து குடிச்சா பத்தாதா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

பத்தாது. வயிற்றுப் பிள்ளை வளர வளரத் தாயின் உடம்புக்கு அதிக இரத்தம் வேண்டும். ஏற்கெனவே சோகையோடு இருப்பவர் சில மாதங்களில் அதை ஈடு செய்வது கஷ்டம். சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய்க்குக் கொஞ்சம் இரத்தம் போனாலும் ஆபத்து. பிள்ளை மாதம் நிறையாமல் பிறக்கலாம், அல்லது 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கலாம். நிறை குறைந்த பிள்ளைகளின் பிரச்சினை நமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. எத்தனை வீட்டில் அந்தக் கவலையைப் பார்த்திருக்கிறோம்!

பிள்ளை உண்டாவதற்கு முன் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிறையையும் பார்க்க வேண்டும். ஐந்து அடி உயரமுள்ள பெண் 43 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது போதாது.

ரொட்டியும் தேத்தண்ணியும்

இதைச் சொல்லும்போது நமக்கே சங்கடம்தான். நாம் பறிக்கும் கொழுந்தால்தான் நாம் வாழ்கிறோம். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேத்தண்ணியில் உள்ள சாயப் பொருள் இறுகப் பிடித்துக்கொள்ளும். அது உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்துக் கடும் சாயம் குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். காலையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும், பகலில் மலையில் மறுபடி ரொட்டியும் தேத்தண்ணியும் என்று வருசக்கணக்காக நடந்தால் உடம்பு எப்படித் தாங்கும்?

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு வெந்நீர் போதும். அந்த இடத்தில் ஒரு தேசிக்காய்த் துண்டோ கொய்யாப்பழமோ இருந்தால் இன்னும் நல்லது. புளிப்பான பழங்களில் உள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்த்து வைக்கும்.

இனி, கையில் உள்ள காசுக்குள் என்ன செய்யலாம்?

ரொட்டி மாவில் ஒரு பிடி கீரையை அரிந்து போட்டுப் பிசையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை எது கிடைத்தாலும் சரி. சம்பலில் தேசிக்காய் பிழியுங்கள். கிழமையில் இரண்டு மூன்று நாள் பருப்பு, கௌபி, கடலை, பயறு அவியுங்கள். நெத்தலி, டின் மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். கொஞ்சமாகச் சேர்த்தாலும் பலன் உண்டு. பப்பாசிப் பழம், கரட், பூசணி ஆகியவை தோலுக்கும் கண்ணுக்கும் நல்லது. பழுத்த பப்பாசியைக் கண்டு பயப்பட வேண்டாம். காயைத்தான் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

அயடீன் சேர்த்த உப்பையே பாவியுங்கள். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயடீன் வேண்டும். உப்பை மூடி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

வெற்றிலை பாக்கைப் பற்றியும் ஒரு சொல். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாக்கும் புகையிலையும் வாய்க்கும் கெடுதல், வயிற்றுப் பிள்ளையின் நிறைக்கும் கெடுதல். பிள்ளைக்கு ஆசைப்படும் நாளிலிருந்தே அதை விடப் பழகுங்கள்.

காலில் நுழையும் எதிரி

கால் விரல் இடுக்கில் திடீரென்று அரிப்பும் சின்னச் சின்னக் கொப்புளமும் வந்தால் "சேத்துப் புண்" என்று விட்டு விடுகிறோம். சில வேளை அது கொக்கிப்புழு நுழைந்த அடையாளமாகவும் இருக்கலாம்.

மலம் கழித்த ஈர மண்ணில் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தொங்கிக்கொள்ளும். அங்கே நாள்தோறும் இரத்தம் குடிக்கும். நாம் என்னதான் கீரை சாப்பிட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

நமது பாட்டன் பாட்டிமார் காலத்தில் இது தோட்டங்களில் பெரும் வியாதி. 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது இதனால்தான். கக்கூஸ்களும் மருந்துகளும் வந்த பிறகு இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் கவனம் வேண்டும்.

பூச்சி மருந்தைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கொடுக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளை உண்டாவதற்கு முன்னேயே கேட்டுக் குடித்துவிடுவது நல்லது. காலில் செருப்போ சப்பாத்தோ போடாமல் மலைக்கும் கக்கூசுக்கும் போக வேண்டாம்.

ஒரு சின்ன மாத்திரை

பிள்ளை கருவில் உண்டாகி ஏறக்குறைய 28 நாளுக்குள் அதன் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பிள்ளை முதுகில் திறந்த கட்டியோடு பிறக்கலாம், அல்லது உயிர் தங்காமல் போகலாம். மாதம் தள்ளிப்போய் இரண்டு கிழமை ஆவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும். நாம் கிளினிக்குக்குப் போய்ப் பெயர் பதியும் போது காலம் கடந்துவிடும்.

இதைத் தடுக்க உதவுவது போலிக் அமிலம் என்ற விற்றமின். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதை முன்கூட்டியே கொடுத்தபோது, மீண்டும் அப்படி நேர்வது பத்தில் ஏழு பங்கு குறைந்ததை 1991இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 மைக்ரோகிராம் வேண்டும். கீரையிலும் பருப்பிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் சமைக்கும்போது நிறைய அழிந்துவிடுவதால் அது மட்டும் போதாது. பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதமாவது முன்பே மாத்திரையைத் தொடங்குங்கள். மூன்று மாதம் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. முன்பு அப்படிப் பிள்ளை பிறந்திருந்தாலோ, வலிப்பு மருந்து குடித்தாலோ கூடிய அளவு தேவைப்படும். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை குடித்தும் சோகை தீராவிட்டால் தலசீமியா இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்க வேண்டும். மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் கணவனும் மனைவியுமாக அந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கிரீம் டப்பா

தோலை வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுக்கும். அதனால் சில கிழமையில் முகம் வெளுப்பது போல் தெரியும். ஆனால் அது தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். பூசிய கையால் தூக்கும் குழந்தைக்கும், ஒரே தலையணையில் படுக்கும் பிள்ளைக்கும் ஒட்டும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உலக உடன்படிக்கை இப்படிப்பட்ட கிரீம்களைத் தடை செய்யச் சொல்கிறது. ஆனாலும் பெட்டிக்கடையில் விபரமில்லாத டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வேறு சில கிரீம்களில் கடுமையான ஸ்டெரொயிட் மருந்து இருக்கும். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் போடும். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரை இன்னும் ஆபத்து. அது பிள்ளையை அங்கவீனமாக்கக் கூடியது. அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் பிள்ளைக்கு யோசிக்க வேண்டும். எந்த மருந்து பூசினாலும் குடித்தாலும் "நான் பிள்ளைக்குக் காத்திருக்கிறேன்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் வெறும் பேச்சு. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழி வருவது. கர்ப்ப காலத்தில் கன்னத்தில் மங்கு படர்வதும் இயல்புதான். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே மங்கிப் போகும்.

கைக்கும் காலுக்கும்

கொழுந்துச் சாறும் குளிரும் பட்டு விரல்கள் வெடிக்கும். வெடிப்பு வழியே கிருமி போகும். வேலை விட்டு வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவி, ஈரம் துடைத்து, படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வேறு விலை கூடிய பூச்சு தேவையில்லை. விரல் இடுக்கை நன்றாக உலர்த்துங்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறியாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மலைக்கு அடிக்கும் மருந்தும் தோல் வழியே உடம்பில் சேரும். மருந்தடிக்கும் கணவன்மார் வீட்டுக்குள் வருமுன் உடுப்பை மாற்றிக் குளிக்க வேண்டும். அந்த உடுப்பை வேறாகத் துவையுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மாமிமாரே, கணவன்மாரே! எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் மிஞ்சியதைத்தான் மருமகள் சாப்பிடுகிறாள் என்றால், அந்தக் குறை பேரப்பிள்ளையிடமும் தெரியும். முட்டை ஒன்றுதான் இருந்தால் அதில் பாதி அவளுக்கும் வரட்டும். பிள்ளை உண்டான பின் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவும் தாய்க்காகக் கொடுப்பது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

செய்ய வேண்டியவை

1. மிட்வைப் மிஸ் என்று நாம் கூப்பிடும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கணவனும் மனைவியுமாகப் பெயர் பதியுங்கள்.
2. நிறை, உயரம், இரத்தம், சீனி, பிரசர் பாருங்கள்.
3. ஜேர்மன் சின்னமுத்து தடுப்பூசி போட்டீர்களா என்று கேளுங்கள். இப்போது போட்டால் ஒரு மாதம் கழித்தே பிள்ளைக்கு முயற்சிக்க வேண்டும்.
4. போலிக் அமிலம் தொடங்குங்கள். பூச்சி மருந்து பற்றிக் கேளுங்கள்.
5. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியால இடைவெளி விடுங்கள்.
6. விபரமில்லாத கிரீமைத் தொடாதீர்கள்.

அந்தத் தங்கச்சி டப்பாவை டிஸ்பென்சரியிலேயே விட்டுவிட்டார். இரத்தம் சோதித்ததில் சோகை இருந்தது தெரிந்தது. இப்போது மாத்திரை குடிக்கிறார். "இனி அந்தக் காசுக்கு முட்டை வாங்குறேன் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.