வயசின் மேல் பழி போடாதீர்கள்

"அப்பத்தாவுக்குக் காது மந்தமாயிருச்சு." "ஐயா ராத்திரி எந்திரிச்சா தடுமாறுறாரு." "அம்மாச்சி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுது." மதுரைப் பக்கத்து வீடுகளில் இந்த மூன்று குறைக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "வயசாயிருச்சுல்ல, அப்பிடித்தேன் இருக்கும்." சொல்கிறவருக்கும் ஆறுதல், கேட்கிறவருக்கும் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்குப் பின்னால் காதில் அடைத்த குறும்பி, முற்றிப்போன கண்புரை, ரத்தத்தில் குறைந்துவிட்ட பி12 என்று சரிசெய்யக்கூடிய கோளாறுகள் வருடக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. முதுமையைத் தள்ளிவைக்க யாராலும் முடியாது. ஆனால் வைத்தியம் உள்ள குறையை வயசின் கணக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இதை ஊருக்குச் செய்து காட்டியவர் மதுரையிலேயே இருந்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. வாலிபத்திலேயே வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் அவர். ஓய்வுபெற்ற கையோடு, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகத் தயாரிக்க 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. 2006-இல் 87 வயதில் அவர் மறைந்தார். வயசானால் பார்வை போகத்தான் செய்யும் என்று கிராமங்கள் விதியை நொந்துகொண்டிருந்த காலத்தில், "இது புரை, எடுத்துவிட்டால் தெரியும்" என்று வாசலுக்கே வந்து சொன்னவை அந்த மருத்துவமனையின் முகாம்கள். "இது வயசா, சரிசெய்யக்கூடிய குறையா?" என்று கண்ணுக்குக் கேட்ட அதே கேள்வியை நினைவுக்கும் நடைக்கும் கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கண், அடுத்தது காது

மறதி நோயைப் பற்றி உலக நிபுணர்கள் அடங்கிய லான்செட் ஆணையம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணங்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்துவந்தால், மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, உடல் உழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. புதிதாகச் சேர்க்கப்பட்டவை இரண்டு: கெட்ட கொழுப்பு, சரிசெய்யாத பார்வைக்குறைவு. பட்டியலிலேயே அதிகப் பங்கு வகிப்பவற்றில் ஒன்று காது கேளாமை.

இதற்கு நம் வீட்டுத் திண்ணையிலேயே சாட்சி உண்டு. காது மந்தமானவர் முதலில் "என்ன?" என்று கேட்பார். நாலு தடவை கேட்டும் புரியாவிட்டால், புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவார். பிறகு கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துவார். பேச்சு குறைந்து, ஆள் புழக்கம் குறைந்து, மூளைக்கு வேலையும் குறைகிறது. பார்வை மங்கியவர் இதே வழியில்தான் போகிறார்: பேப்பர் படிப்பது நிற்கும், பிறகு தெருவில் இறங்குவது நிற்கும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வில், புரை நீக்கிக்கொண்டவர்களுக்கு மறதி நோய் வருவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. புரை நீக்கியதுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், எப்படியும் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடாமலிருக்க இது இன்னொரு காரணம்.

காதுக்கு முதலில் செய்ய வேண்டியது, குறும்பி அடைத்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது. அதற்குப் பிறகும் கேட்காவிட்டால் காது கருவி. பலருக்கு வாங்கிய கருவி பெட்டியிலேயே கிடக்க ஒரு காரணம், முதல் நாளே அதை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது. எல்லாச் சத்தமும் ஒரேயடியாக வந்து மோதும். முதலில் அமைதியான வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தேவைப்பட்டால் திரும்பப் போய் ஒலியளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

கோரிப்பாளையத்தில் எதிர்ப்பட்ட பழைய சிநேகிதர் பேர் அப்போது வராமல், பஸ் ஏறிய பிறகு நினைவுக்கு வந்தால் அது சாதாரணம். முப்பது வருடம் போய்வந்த ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் அது சாதாரணம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு புளிக்குழம்பு வைத்தவர், அடுத்து என்ன போட வேண்டும் என்று அடுப்படியில் திகைத்தாலும், மார்க்கெட்டில் மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணித்திருக்கிறது.

மறதி எல்லாமே மறதி நோய் அல்ல. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் உப்புச்சத்து இறங்குவது, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டும். முதல் மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் உளற ஆரம்பித்தால், சிறுநீர்த் தொற்றோ வேறு காய்ச்சலோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்போதோ நிலைப்படியில் தலை இடித்தவர் சில வாரம் கழித்துத் தூங்கி வழிந்தாலோ தடுமாறினாலோ மூளைக்கு மேல் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது. துணையை இழந்த பிறகு சாப்பாடும் பேச்சும் குறைந்துபோனவரை "மனசு விட்டுப்போச்சு" என்று சொல்லி அப்படியே விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மறதியையும் கூட்டும், விழவும் வைக்கும்.

நடை நல்லது, நடை மட்டும் போதாது

தெப்பக்குளத்தைச் சுற்றி, எக்கோ பார்க்கில், திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் விடிகாலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் மதுரைக்காரர்கள் நடையை மறக்கவில்லை என்று தெரியும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது உடல் நிலைதவறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் விட்டுப்போவது இந்தப் பின்பாதிதான்.

அதற்கு ஜிம் வேண்டாம். கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழுந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல், தொடை தாங்கிக்கொள்ள மெதுவாக உட்காருங்கள். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்து தடவைவரை கூட்டலாம். கையூன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் தொடைத் தசை வலுவிழந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் கழிப்பறையில் விழும் ஆபத்து அதிகம். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது அடுத்த பயிற்சி. நெஞ்சுவலி, மூட்டு வீக்கம், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் "காடு கரைன்னு பாடுபட்ட உடம்பு, இதுக்கு எதுக்குப் பயிற்சி?" என்பார்கள். பாடுபட்ட வரைக்கும் சரி. "இனிமே நீங்க சும்மா இருங்கய்யா" என்று மகன் சொன்ன அன்றிலிருந்து அந்தத் தசை கரைய ஆரம்பிக்கிறது. பூ பறிப்பது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, கீரை ஆய்வது என்று ஏதாவது ஒரு வேலை அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். சாப்பாட்டில் கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் போதாது. முட்டை, பயறு, கொண்டைக்கடலை, மீன், மோர் என்று புரதம் தினமும் வேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிட வேண்டும். வயசானவர்களுக்குத் தாகம் தெரிவது குறையும் என்பதால் தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஈரம் காயாத வழுவழு டைல்ஸ், காலில் சிக்கும் சாக்குமிதியடி, இரவில் இருட்டு, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதது ஆகியவையே காரணம். ஒரு இரும்புக் கைப்பிடி, ஒரு சின்ன இரவு விளக்கு, சொரசொரப்பான தரை போதும். இந்தச் செலவு, இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவில் ஒரு துளி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது. ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

நாலு பேரோடு இருங்கள்

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2015-இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் கடைப்பிடித்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. ஒரே ஒரு மாத்திரையோ மூலிகையோ இதைச் செய்ததாக நிரூபணம் இல்லை. "ஞாபகசக்தி டானிக்" விற்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மூளைக்கு வேலை கொடுப்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த சாலமன் பாப்பையா 1936-இல் பிறந்தவர். ஓய்வுக்குப் பிறகும் பட்டிமன்ற மேடையை விடவில்லை, எண்பதைக் கடந்தும் ஏறினார்; சங்க இலக்கியத்துக்கு உரையும் எழுதினார். எல்லோரும் மேடையேற வேண்டியதில்லை. தாயம், ஆடுபுலி ஆட்டம், பஜனை, சுயஉதவிக்குழுக் கணக்கு, புதுநத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று புதிதாக ஒன்றைக் கற்கவோ, நாலு பேரோடு வாதாடவோ வைக்கும் எதுவும் சரி. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. "பஸ் காசுக்கு யார்ட்ட கேக்குறது" என்று அம்மாச்சி வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டியவை

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, வீட்டோடு முடங்கியவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவது அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, குறைந்த வருமானமுள்ள முதியோருக்குக் காது கருவி, கண்ணாடி, கைத்தடி, பல்செட் ஆகியவற்றை இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. முகாம் எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிள்ளையில்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடம் கேட்கலாம். மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய நான்கு இடங்களிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. வக்கீல் தேவையில்லை. சம்மன் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டுப் போனால் மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சொத்தைப் பிள்ளை பேருக்கு எழுதும் முன் 23-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழியுண்டு. "மகன்தானே" என்று வாய்ப்பேச்சோடு விடாமல், செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே அந்த நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். தெளிவாக இருக்கும்போதே செய்யுங்கள். நினைவு தடுமாறிய பிறகு போட்ட கையெழுத்து எல்லோருக்கும் வழக்காகத்தான் முடியும். போனில் "போலீஸ் பேசுறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள்; அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

தென்மாவட்டங்களில் இன்னும் மறைவாகப் பேசப்படும் தலைக்கூத்தலையும் சொல்லாமல் விட முடியாது. படுக்கையில் விழுந்த முதியவரை "கரை சேர்ப்பதாக" சொல்லி உயிரைப் போக்குவது கொலை. 2010-இல் விருதுநகர் மாவட்டச் சம்பவங்கள் செய்தியான பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. படுத்தவரைச் சுமையாகப் பார்க்கும் வீட்டில், படுக்காமல் பார்த்துக்கொள்வதே முதல் பாதுகாப்பு. படுத்துவிட்டாலும் அவருடைய உரிமை ஒரு அணுவும் குறைவதில்லை. கொடுமை, புறக்கணிப்பு, சட்ட உதவி எதற்கும் முதியோர் உதவி எண் 14567. இலவச சட்ட உதவிக்கு 15100.

நம் பக்கத்தில் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், திருக்கடையூர்ப் பயணம் என்று செலவுக்குக் குறைவில்லை. அந்தச் செலவுக் கணக்கின் முதல் வரியாகக் கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பி12, தைராய்டு பரிசோதனையை எழுதுங்கள். இரண்டாவது வரியாகக் குளியலறைக் கைப்பிடியை எழுதுங்கள். பந்திக்கு எத்தனை இலை என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.