குடலில் உருவாகும் சிறுநீர்ப்பை

சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய் அதன் தசை வரை ஊடுருவிவிட்டால், பல நேரங்களில் பையையே முழுமையாக அகற்ற வேண்டியிருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியும் சேர்த்து எடுக்கப்படும். அப்படியானால் இனி சிறுநீர் எங்கே போகும்?

சிறுகுடலின் கடைசிப் பகுதி இங்கே கைகொடுக்கிறது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் விளக்கிய முறை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. சுமார் 15 சென்டிமீட்டர் குடலைப் பிரித்தெடுத்து, அதன் ஒரு முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே திறந்துவிடுவார்கள். சிறுநீர் அதன் வழியே வழிந்து, தோலில் ஒட்டிய பையில் சேரும்.

வெளிப்பை வேண்டாம் என்பவர்களுக்கு உடலுக்குள்ளேயே புதிய சிறுநீர்ப்பை அமைக்கலாம். 1980களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ஸ்டூடரும், ஜெர்மனியின் உல்ம் நகரில் டாக்டர் ஹவுட்மனும் இதற்கான முறைகளை உருவாக்கினார்கள்.

குடலை அப்படியே குழாயாகத் தைத்துவிட்டால் போதாதா? போதாது. உணவைத் தள்ளிப் பழகிய குடல், சிறுநீரையும் தள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும், சிறுநீர் கசியும், நாளடைவில் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே, ரத்த ஓட்டம் தடைபடாமல் பிரித்தெடுத்த சுமார் 55 சென்டிமீட்டர் குடலில், 40 சென்டிமீட்டர் அளவுக்கு நெடுக்காகப் பிளந்து, துணியை மடித்துப் பை தைப்பதுபோல் டாக்டர் ஸ்டூடர் தைத்தார். குழாய் வடிவம் போனதும் தள்ளும் வேகம் குறைகிறது, கொள்ளளவோ கூடுகிறது. மிச்சமுள்ள பகுதி குழாயாகவே விடப்படும். சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்கள் அதில் இணைக்கப்படும். அது பையை நோக்கித் தள்ளுவதால், சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவது குறைகிறது. குடலின் குணத்தை ஓரிடத்தில் அடக்கி, இன்னோரிடத்தில் வேலை வாங்கியிருக்கிறார்கள்!

எனினும் குடல் குடல்தான். அது சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். அடைப்பைத் தவிர்க்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரிலுள்ள அமிலத்தை அது மீண்டும் உறிஞ்சுவதால் சிலருக்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தேவைப்படும். சில ஆண்டுகள் கழித்து வைட்டமின் பி12 குறையலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கும், சிறுநீர் வெளியேறும் பாதையில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் நோயாளியின் பாடம் தொடங்குகிறது. பழைய பைபோல் புதியது "நிறைந்துவிட்டேன்" என்று சொல்லாது. தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உட்கார்ந்து, இடுப்புத் தசையைத் தளர்த்தி, வயிற்றை முக்கிச் சிறுநீர் கழிக்க வேண்டும். சில மாதங்களில் இடைவெளி நான்கு மணி நேரமாகும். முழுமையாகக் கழிக்க முடியாதவர்கள் மெல்லிய குழாயைத் தாங்களே செலுத்தி வெளியேற்றப் பழக வேண்டும். வெளிப்பை இல்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுப்போர், இந்த உழைப்பைக் குறைத்து எடைபோடுகிறார்கள். பகல் கசிவு பலருக்குக் கட்டுப்பட்டாலும், இரவுக் கசிவு அடங்க அதிக நாள் பிடிக்கும். அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழத்தான் வேண்டும்.