பிள்ளை பிறந்த பிறகு ஒரு மணி நேரம்

பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது, அளக்க வேண்டும்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், லயமே சேதிக்காகக் காத்திருக்கும். "பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் சுகம்" என்று போன் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. பிரசவ அறையில் நிற்கும் மருத்துவமாதுக்கோ மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அதிக இரத்தப்போக்கு ஏற்படுகிறது. பல்லாயிரம் பேர் இறந்துபோகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்க முடியும்.

இரத்தம் ஏன் நிற்பதில்லை?

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீட்டருக்கும் கூடுதலாக இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் இறுகச் சுருங்கி அந்த வாய்களை அடைக்கின்றன. கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து போனால் இரத்தம் கொட்டும். பத்தில் ஏழு பேருக்கு இதுதான் காரணம். பிறப்புப் பாதையில் கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு, இரத்தம் உறையாமை ஆகியவை மற்றக் காரணங்கள்.

அதனால்தான் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 அலகு ஒக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து அது. மருத்துவமாது அடிவயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது. சிறுநீர் கழிக்கச் சொல்வது அதற்காக. குழந்தையை உடனே மார்பில் போட்டுப் பால் கொடுக்க வைத்தால் தாயின் உடலிலேயே ஒக்சிடோசின் சுரக்கும்.

இந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். நுவரெலியாக் குளிர்கூட இதற்குப் போதாது. அங்கே ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 16 பாகை. குளிர்சாதனப் பெட்டியும் தடையில்லாத மின்சாரமும் கட்டாயம் வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தும் ஒக்சிடோசினுக்கு இணையாகத் தடுக்கிறது என்பதை, 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது.

நிறுத்துப் பார்க்கும் நியாயம்

அரை லீட்டர் போனால் அதிக இரத்தப்போக்கு என்பது நெடுநாள் வரைவிலக்கணம். ஆனால், துணியில் ஊறியதையும் தரையில் சிந்தியதையும் கண்ணால் பார்த்து இவ்வளவுதான் என்று சொல்லும்போது, அனுபவசாலிகளும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தோட்டத்தில் ஒரு பெண் பறித்த கொழுந்தை எவரும் கண் மதிப்பில் ஏற்பதில்லை, தராசில் நிறுத்துத்தான் பேர் போடுகிறார்கள். அதே பெண் இழக்கும் இரத்தத்துக்கும் அந்த நியாயம் வேண்டும்.

அதற்கான கருவி எளியது. தாயின் இடுப்புக்கடியில் விரித்து, கீழே அளவுக்கோடுகள் போட்ட பையில் இரத்தம் சேரும்படி தைத்த பிளாஸ்டிக் விரிப்பு. கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்த ஆய்வில் இதைப் பயன்படுத்தினார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு, 2023இல் இதன் பலனைக் காட்டியது. வழக்கமான முறையில் அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பு வந்ததும் அது 93 விழுக்காடானது. கண்டதும் கர்ப்பப்பையைத் தேய்த்தல், ஒக்சிடோசின், இரத்தம் உறையச் செய்யும் டிரானெக்சாமிக் அமிலம், சேலைன், காரணம் தேடிப் பரிசோதித்தல் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடும் இரத்தப்போக்கு, அதனால் அறுவைச் சிகிச்சை அல்லது மரணம் ஆகியவை 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைந்தன.

ஆஸ்பத்திரிப் புள்ளிவிபரங்களைப் படிக்கும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் இரத்தப்போக்கு வீதம் கூடுதலாகத் தெரிந்தால், அங்கே சரியாக அளக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்.

பாதுகாப்பு கிளினிக்கில் தொடங்குகிறது

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது 40க்கும் கீழே வந்துவிட்டது. மருத்துவமாதுகளின் உழைப்பும், 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பதும், தாய் மரணம் ஒவ்வொன்றையும் குடும்ப சுகாதாரப் பணியகம் ஆராய்வதும் இதற்குப் பின்னே இருக்கின்றன. இருந்தும் இரத்தப்போக்கு இன்னும் முக்கிய காரணங்களில் ஒன்றாகவே நீடிக்கிறது.

மலையகப் பெண்களிடம் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு: இரத்தச்சோகை. கைவசம் இரத்தம் குறைந்தவளுக்குச் சிறு இழப்பும் பேரிழப்பு. பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியா நாடுகளில் இரத்தச்சோகையுள்ள 10,000க்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்தபோது, நடுத்தரச் சோகை உள்ளவர்களில் 6.2 விழுக்காட்டினருக்கும் கடுஞ்சோகை உள்ளவர்களில் 11.2 விழுக்காட்டினருக்கும் அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தது.

ஆகவே கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மருந்தையும் தவறவிடக் கூடாது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள டனின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்பின் ஒரு மணி நேரம் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தால் போதும். மாத்திரையைத் தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ விழுங்கலாம்.

மலைப் பாதையின் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். திகதி நெருங்கினால் வலி வரும்வரை காத்திராமல் மருத்துவமாதுவிடம் கேட்டு முன்கூட்டியே போங்கள். வீடு திரும்பிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தாலோ, கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ, தலை சுற்றினாலோ "புள்ள பெத்தவளுக்கு இது சகஜம்" என்று இருக்காமல் 1990க்கு அழையுங்கள்.

மாவட்ட ஆஸ்பத்திரி தொடங்கிச் சிறிய பிரசவ அறை வரை அளவு விரிப்பும், குளிரில் வைத்த மருந்தும், ஆயத்தமான குழுவும் இருக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்க வேண்டும். சம்பள உயர்வு கேட்கும் அதே மேடையில் இதையும் கேட்கலாம். இதுவும் தொழிலாளியின் உரிமைதான்.