ஒயிட்பீல்டு: வட்டத்திற்குள் ஓர் ஆங்கிலக் கிராமம்

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த நம்மில் அநேகர் அனுதினமும் ஒயிட்பீல்டு வழியாகப் பயணம் செய்கிறோம். வெள்ளையர் வயல் வைத்திருந்ததால் இப்பெயர் வந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அது சரியன்று. ஒயிட் என்பது ஒரு மனிதரின் பெயர்.

டி. எஸ். ஒயிட் என்பவர் சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களுக்காக ஒரு சங்கத்தை ஸ்தாபித்தவர். அம்மக்கள் ரயில்வே, தந்தி, அரசு அலுவலகம் ஆகியவற்றின் சம்பளத்தையே நம்பி வாழ்ந்தனர். ஐரோப்பியர் அவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை. இந்தியரும் அந்நியராகவே பார்த்தனர். உத்தியோகம் போனால் ஒதுங்குவதற்குச் சொந்த மண் இல்லை. ஊரை விட்டு வந்து வாடகை வீடுகளில் காலம் தள்ளும் நமக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. நிலத்தில் பாடுபட்டுச் சுயமாக நிற்பதே வழி என்று ஒயிட் எண்ணினார்.

1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் மைசூர், குடகுப் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியர் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். நடுவில் பசும்புல் திடல், அதனைச் சுற்றி வட்டமான பாதை, பாதையோரம் வீடுகள் என இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமத்தைப் போலவே ஊர் அமைக்கப்பட்டது. ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், பழமரத் தோட்டம் ஆகியவை அவ்வீடுகளின் அடையாளங்கள். 1886-இல் எழுந்த மெமோரியல் ஆலயம் இன்றும் நிற்கிறது.

ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1907-இல் அங்கே 45 வீடுகளும் ஏறக்குறைய 130 பேருமே இருந்தனர். மேசைமுன் அமர்ந்து பழகியவர்களுக்கு மானாவாரி நிலத்தில் ஏர் பிடிப்பது எளிதா என்ன! காலப்போக்கில் அது ஓய்வு பெற்றோர் அமைதியாக வாழும் ஊராயிற்று. சுதந்திரத்திற்குப் பின் அநேகக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

அந்த நிலம் அதற்கு முன் வெறுமையாகக் கிடந்ததாகவும் நினைக்க வேண்டாம். அருகிலுள்ள காடுகோடியில் கிடைத்த 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, பட்டந்தூர் ஏரி அமைக்கப்பட்டதைக் கூறுகிறது. மழைநீரைத் தேக்கினால்தான் இங்கே விளைச்சல் என்பதை அன்றே அறிந்திருந்தனர். அப்படிப்பட்ட ஏரிகள் உள்ள பகுதியில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கின்றன.

1990-களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் நிலத்தின் விலை ஏறியது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், வேலை தேடும் தமிழ்க் குடும்பத்தினர் அங்கிருந்து ஒயிட்பீல்டு நிலையத்தைக் கடந்து நகரத்திற்கு ரயிலில் வந்து போகின்றனர். 2023-இல் மெட்ரோவும் வந்துவிட்டது.

இன்னர் சர்க்கிள் என்னும் அந்த வட்டப் பாதை மட்டும் இன்னும் மாறவில்லை. ஞாயிறு மாலையில் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளை அவர்களுக்குக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு அவை இருக்கும் என்று சொல்ல முடியாது.