பத்துக்குப் பத்து அறையில் ஒரு பெரிய விளக்கு

கூவம் வளைந்து சுற்றும் நிலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில், 1734ஆம் ஆண்டு கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காக எழுந்த ஊர் சிந்தாதிரிப்பேட்டை. அதன் உள்தெருக்களில் ஒரு வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பத்தடி இருந்தாலே பெரிய விஷயம். அந்த அறைக்கு இரண்டடி அகலத்தில் ஒரு தொங்குவிளக்கு வாங்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். “இத்துனூண்டு ரூமுக்கு இவ்வளவு பெரிய லைட்டா?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். நான் விளக்கின் கட்சி. ஒற்றை விளக்கு ஓர் அறையையே மாற்ற வேண்டுமானால் அந்த அறை சின்னதாகத்தான் இருக்க வேண்டும். ஒளியின் கணக்கு அப்படி.

மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் ராஜாஜி ஹால். மெட்ராஸ் வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802இல் எழுந்த கட்டடம். அதுபோன்ற ஒரு கூடத்தை, கணக்குக்காக, நாற்பதடி நீளம், நாற்பதடி அகலம், இருபதடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 6,400 சதுர அடி. நம் முன்னறையின் உயரமும் பத்தடி என்றால் மொத்தம் 600 சதுர அடிதான். ஒரே பல்பு இரண்டு இடத்திலும் எரிந்தால், சிந்தாதிரிப்பேட்டை அறையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் பத்து மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கும். கூடத்துக்கு ஒரு சரவிளக்குக் கூட்டமே தேவைப்படுகிற இடத்தில் அறைக்கு ஒன்று போதும்.

அதோடு முடியவில்லை. பல்பிலிருந்து புறப்பட்ட ஒளி சுவரில் பட்டதும் மடிந்துவிடுவதில்லை. வெளிர் நிறச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அது எதிர்ச் சுவரில் பட்டு 49 ஆகும், கூரையில் பட்டு 34 ஆகும், அதற்குப் பின் 24. இந்தத் துண்டுகளையெல்லாம் கூட்டினால், 100 பங்கு ஒளி 333 பங்கு வேலை செய்திருக்கும். சுவர் அடர்த்தியான நிறத்தில் இருந்து 30 சதவீதத்தையே திருப்பினால், 100 பங்கு 143 பங்கோடு நின்றுவிடும். பழைய 60 வாட் குண்டு பல்பின் ஒளி சுமார் 800 லூமென். அது நம் அறையில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே சராசரியாக 48 லக்ஸ் தரும், இருண்ட சுவர்களுக்கு நடுவே 20 லக்ஸ்தான். பல்பு ஒன்றுதான், மின்சாரமும் அதேதான், ஆனால் வெளிச்சம் இரட்டிப்புக்கும் மேல். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் முகங்கள் ஏன் சோர்ந்து தெரிகின்றன என்பதற்கும் இதே கணக்குதான் பதில். ஒளி ஒவ்வொரு முறை சுவரில் படும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் சிவப்பை விழுங்கிக்கொள்கிறது.

ஆனால் வெளிச்சம் கூடுவது மட்டுமே அழகு அல்ல. நம் கோயில்களின் கருவறையை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்த கருங்கல், வாங்கிய ஒளியை அநேகமாகத் திருப்பித் தருவதே இல்லை. அதனால் தொங்குவிளக்கின் சுடர் நேராகத் தொட்ட இடங்கள் மட்டுமே, கவசமும் நகையும் கண்மலரும் மட்டுமே, இருளிலிருந்து எழுந்து வருகின்றன. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அதே சுடர் எல்லாவற்றையும் சமமாகக் காட்டி, எதையும் உயர்த்தாமல் விட்டிருக்கும். வீட்டிலும் இந்தத் தேர்வு நம் கையில் இருக்கிறது. விளக்கே கண்ணை இழுக்க வேண்டுமா, அதன் பின்னால் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடியுங்கள். மற்ற மூன்றும் வெளிராக இருந்தால் படிக்கவும் வெளிச்சம் மிஞ்சும்.

துளையிட்ட பித்தளைக் கூடோ பிரம்புப் பின்னலோ வாங்குகிறவர்கள் சுவரெல்லாம் கோலம்போல நிழல் விழும் என்று ஆசைப்படுகிறார்கள். வீட்டில் மாட்டிய பிறகு ஏதோ மங்கல் திட்டுகள்தான் தெரியும். குற்றம் கூட்டில் இல்லை, பல்பில். ஆறு சென்டிமீட்டர் அகலப் பால்நிற பல்பு, 15 சென்டிமீட்டர் தள்ளிக் கூடு, பல்பிலிருந்து ஒன்றரை மீட்டரில் சுவர் என்றால், நிழலின் ஓரம் 54 சென்டிமீட்டருக்கு மங்கிப் பரவும். அதற்குள் எந்தக் கோலமும் கரைந்துவிடும். அதே இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகல எல்.இ.டி. புள்ளி ஒன்றை வைத்தால் ஓரம் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். துளைகள் ஒவ்வொன்றும் சுவரில் எழுந்து நிற்கும். அந்தப் புள்ளி நேரே கண்ணில் பட்டால் கூசும் என்பதால், உட்கார்ந்தாலும் நின்றாலும் தெரியாதபடி அதைக் கூட்டுக்குள் மறைக்க வேண்டும். டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் பல ஆண்டுகள் இந்தக் காரியத்துக்காக உழைத்தவர். 1958இல் அவர் வடிவமைத்த பி.எச். 5 விளக்கில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது.

60 வாட் வேலையை எட்டு ஒன்பது வாட்டில் முடிக்கும் எல்.இ.டி.யால் இன்னொரு சுதந்திரமும் வந்திருக்கிறது. குண்டு பல்பு தன் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகவே கொட்டியது. அதை நெருங்கித் துணியையோ கோரையையோ சுற்றினால் கருகும் பயம் இருந்தது. இன்றைக்குப் பத்தமடைக் கோரைப்பாய்த் துண்டைக்கூட வளைத்துக் கூடு செய்துகொள்ளலாம், பல்பின் பின்பக்கம் காற்றோட்டம் இருந்தால் போதும்.

இனி, வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்கள் பெரும்பாலும் பேசாத, சென்னையில் யாராலும் தவிர்க்க முடியாத சங்கதி. அறையின் நட்டநடுவே ஃபேன் ஓடுகிறது. அதற்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கைகள் ஒளியை வெட்டும். மூன்று இறக்கை, முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. வினாடிக்குப் பதினேழு பதினெட்டு முறை நிழல் நம்மைக் கடக்கிறது. கண்ணும் மூளையும் ஒளித்துடிப்பால் மிகவும் தொல்லைப்படும் எல்லைக்குள் வருகிற எண் இது. வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு இந்த வேகத்துடிப்பு வலிப்பையே தூண்டக்கூடும். ஆகவே விளக்கு நடுவிலிருந்து மூலைக்குப் போகட்டும், இறக்கைகளின் மட்டத்துக்குக் கீழே இறங்கட்டும். கூட்டின் மேல்பக்கத்தையும், காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டு, மூடிவிடுங்கள். இல்லையேல் மேலே போகும் ஒளி கூரையில் இறக்கை நிழல்களைச் சுழற்றும். காகிதக் கூடு காற்றுக்கு ஆடி எல்லா நிழலையும் கூடவே ஆட்டும், கனமான பித்தளை அவ்வளவு அசையாது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் கொக்கியைத் தேக்குக் கட்டையில் இறக்குங்கள், சுண்ணாம்புப் பூச்சை நம்ப வேண்டாம்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. பல்புகள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யாமல் வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கண்ணுக்கு அது நேரடியாகத் தெரியாது, ஆனால் ஃபேன் காட்டிக்கொடுத்துவிடும். நிமிடத்துக்கு 333 சுற்று ஓடும்போது, இரண்டு துலக்கங்களுக்கு நடுவே இறக்கை ஏறக்குறைய 20 டிகிரி நகர்கிறது. அதனால் ஓடும் ஃபேனில் பதினெட்டு மங்கலான இறக்கைகள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல்பு வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை எரியவிட்டு, செல்ஃபோன் கேமராவைக் கிட்டத்தில் காட்டிப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.