சக்கரத்தை மடக்கும் ரயில்

விமானம் மேலே கிளம்பியதும் சக்கரத்தை மடக்கிக்கொள்ளும். ஒரு ரயிலும் அதைச் செய்கிறது. ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில், மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகம் வரும்வரை ரப்பர் டயரில் ஓடும். பிறகு டயர்கள் உள்ளே போய்விடும். ரயில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் மிதக்கும். 2015 ஏப்ரல் 21 அன்று இது மணிக்கு 603 கிலோமீட்டரைத் தொட்டது.

மிதக்க வைப்பது பெட்டியில் இருக்கும் மீக்கடத்திக் காந்தம். நயோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால் மின்தடை மறைந்துபோகும். ஒருமுறை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் காந்தம் வேகமாகக் கடக்கும்போது, பக்கச்சுவரில் பதித்த சாதாரணச் சுருள்களிலும் மின்சாரம் பிறந்து ரயிலைத் தூக்கிப் பிடிக்கிறது. வேகம் குறைந்தால் பிடியும் தளரும். அதற்குத்தான் டயர்.

ரயில் தயார், இழுத்தடிப்பது பாதை. பழைய தண்டவாளம் இதற்கு உதவாது. புதிதாகப் போடும் பாதை டோக்கியோவின் ஷினகாவாவிலிருந்து நகோயாவுக்கு 286 கிலோமீட்டர், 40 நிமிடப் பயணம். அதில் சுமார் 86 சதவீதம் சுரங்கம்! மலையைக் குடைந்தால் ஓய் ஆற்று நீர் குறையும் என்று வழியில் உள்ள ஷிசுவோகா மாகாணம் பல ஆண்டுகள் சம்மதிக்கவில்லை. அந்த மாகாணத்தில் இந்த ரயிலுக்கு ஒரு நிலையம்கூடக் கிடையாது, கோபம் நியாயம்தானே? 2027-இல் திறப்பு என்ற இலக்கு கைவிடப்பட்டுவிட்டது.